மூட்டையைக் கொட்டிப் பார்ப்போம்: புளியங்குடியிலிருந்து பறப்பவருக்கு எந்தக் கார்டு?

புளியங்குடியில் விமான நிலையம் இல்லை. ரயில் நிலையமும் இல்லை. கொல்லத்துக்கும் திருமங்கலத்துக்கும் இடையே ஓடும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஊருக்கு வாசல். ரயில் ஏற வேண்டுமானால் பாம்புக்கோவில் சந்தைக்கோ கடையநல்லூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ போக வேண்டும். விமானம் என்றால் மூன்று வழி: தூத்துக்குடி வாகைக்குளம் சுமார் 100 கிலோமீட்டர்; மதுரை அதைவிடச் சற்றுக் கூடுதல்; மலை தாண்டித் திருவனந்தபுரம் இன்னும் தூரம்.

ஆனாலும் ஊர்க்காரர்கள் பறக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கப் பெற்றோர் போகிறார்கள். 2025 ஜூலை 26 அன்று வாகைக்குளத்தில் சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் புது முனையம் திறக்கப்பட்டது. முன்பு 1,350 மீட்டர் இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. விமானம் நமக்கு எட்டாத சங்கதி என்ற நினைப்பு இந்தப் பக்கத்தில் மெல்ல மறைந்துவருகிறது.

அந்த நினைப்பு மறைகிற இடத்தில் கார்டு விற்பவர் வந்து நிற்கிறார். "சார், வருஷத்துக்கு ரெண்டு டிக்கெட் ஃப்ரீ, லவுஞ்ச் ஃப்ரீ, பாயிண்ட்டுலயே குடும்பத்தோட பறக்கலாம்" என்று தொலைபேசியில் ஒரு குரல். உள்நாட்டு விமானப் பயணத்துக்காகவே ஒரு கிரெடிட் கார்டு எடுப்பது புளியங்குடிக்காரருக்குக் கட்டுபடியாகுமா, ஆகுமென்றால் எந்த வகை என்பதே இங்கே நாம் எடைபோடப் போகும் கேள்வி.

இந்த ஊரில் எலுமிச்சைக் கமிஷன் கடை அண்ணாச்சி யாரும் மூட்டையின் உருவத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. கொட்டிப் பார்ப்பார், காய் வேறு, பழம் வேறு, அடிபட்டது வேறு என்று பிரிப்பார், அதன் பிறகுதான் பேச்சு. கார்டு என்ற மூட்டையையும் அப்படியே கொட்டிப் பார்க்கலாம்.

சந்தையில் உள்ள மூன்று ரகங்கள்

முதல் ரகம், விமான நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கார்டு. வங்கியும் விமான நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து தருவது. எஸ்பிஐ கார்டின் ஏர் இந்தியா கார்டுகள், இண்டிகோவின் பெயரில் எச்டிஎஃப்சியும் கோடக்கும் வெளியிட்ட கார்டுகள் இந்த வகை. சேரும் புள்ளி அந்த ஒரே நிறுவனத்தின் கணக்குக்குப் போகும்.

இரண்டாம் ரகம், வங்கியின் சொந்தப் புள்ளிக் கார்டு. புள்ளியை வங்கியின் பயணத் தளத்தில் டிக்கெட்டாக மாற்றலாம். சிலவற்றில் பல விமான நிறுவனங்களின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு, ஆக்சிஸ் அட்லஸ் ஆகியவை எடுத்துக்காட்டு.

மூன்றாம் ரகத்துக்குப் பயணக் கார்டு என்ற பெயரே கிடையாது. வாங்கியதில் இத்தனை சதவீதத்தைப் பணமாகவே திருப்பித் தரும் கேஷ்பேக் கார்டு அது. எஸ்பிஐ கேஷ்பேக், அமேசான் பே ஐசிஐசிஐ இந்த வகை. கணக்கு முடியும்போது இந்த மூன்றாம் ரகம் எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முதல் உரைகல்: நம் செலவில் எவ்வளவு கார்டுக்குள் வரும்?

விளம்பரம் நூறு ரூபாய்க்கு இத்தனை புள்ளி என்று சொல்லும். எந்த நூறு ரூபாய் என்று சொல்லாது. எல்லாச் செலவும் கார்டில் நடக்கும் பெருநகர வீட்டை நினைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஊர் வீட்டின் கணக்கு வேறு.

மாதம் 40,000 ரூபாய் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மளிகை, காய்கறி, பால், கறிக்கு 12,000. பள்ளிக்கூடத்துக்கு 6,000. பெட்ரோலுக்கு 4,000. மின்கட்டணம் மாதக் கணக்கில் 2,500. இன்சூரன்ஸ் 3,500. ஆன்லைனில் வாங்குவது 5,000. மருந்து 2,000, துணிமணி 2,000. கோயில், கல்யாணம், ஆட்டோ என்று உதிரியாக 3,000.

பால்காரரிடமும் காய்கறிக் கடையிலும் ஸ்வைப் மெஷின் கிடையாது. கியூஆர் அட்டைதான் தொங்குகிறது. விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகள் யுபிஐ-யில் ஏறாது. ரூபே கிரெடிட் கார்டுக்கு மட்டுமே 2022-இல் ரிசர்வ் வங்கி அந்தக் கதவைத் திறந்தது. அதிலும் ஒரு தடை உண்டு. கடைக்காரர் வணிகக் கணக்கில் கியூஆர் வாங்கியிருந்தால்தான் ரூபே கிரெடிட் கார்டு செல்லும். தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டிவைத்திருந்தால் செல்லாது. சின்னக் கடைகளில் இந்த இரண்டாவது வகை ஏராளம்.

பள்ளிக்கூடம் பணமாகவோ வங்கி வழியாகவோ வாங்குகிறது. பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகள் புள்ளி தருவதில்லை. கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதோடு சரி. மின்கட்டணம், இன்சூரன்ஸ், வாடகை, நகை ஆகியவற்றைச் சில ஆண்டுகளாக வங்கிகள் ஒவ்வொன்றாகப் புள்ளிப் பட்டியலிலிருந்து நீக்கியோ குறைத்தோ வருகின்றன. கல்யாண மொய்யை எந்த மெஷினிலும் தேய்க்க முடியாது.

மிஞ்சுவது ஆன்லைன் 5,000, மருந்து 2,000, துணி 2,000. ஆக 9,000. நாற்பதாயிரத்தில் கால்வாசிகூட இல்லை. ஆண்டுக்கு 1,08,000. இதனோடு நான்கு பேர் ஒருமுறை சென்னை போய்த் திரும்பும் செலவைச் சேர்ப்போம். தலைக்கு ஒரு வழிக்கு 5,000 என்று வைத்தால் எட்டு டிக்கெட் 40,000. புள்ளி ஈட்டும் மொத்தச் செலவு ஆண்டுக்கு 1,48,000 ரூபாய். இனி வரும் எல்லாக் கணக்கும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் உரைகல்: கட்டணம் போக மிஞ்சுவது எவ்வளவு?

நான்கு கார்டுகளை எடுத்துக்கொள்கிறேன். வங்கிகள் அறிவித்த விதிகளை வைத்துப் போட்ட கணக்கு இது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கையெழுத்துப் போடும் நாளில் இருக்கும் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு: ஆண்டுக் கட்டணம் 2,500, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 2,950. 150 ரூபாய்க்கு 4 புள்ளி. விமான டிக்கெட்டுக்கு ஒரு புள்ளி 50 காசு. நம் 1,48,000 ரூபாய்க்கு வருவது 3,946 புள்ளி, அதாவது 1,973 ரூபாய். டிக்கெட்டை வங்கியின் சொந்தத் தளத்தில் வாங்கினால் கூடுதல் புள்ளி உண்டு. அதை முழுதாகச் சேர்த்தாலும் 4,000 ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும். கட்டணத்தைக் கழித்தால் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். அந்தத் தளத்தில் வாங்காவிட்டால் கைநட்டம் ஆயிரம். ஆண்டுக்கு 4 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். நம் வீட்டுக் கணக்கு அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

ஆக்சிஸ் அட்லஸ்: கட்டணம் 5,000, ஜிஎஸ்டியோடு 5,900. விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் டிக்கெட்டுக்கு நூற்றுக்கு 5 மைல், மற்றவைக்கு 2 மைல். ஒரு மைல் விமான நிறுவனக் கணக்கில் 2 புள்ளியாக மாறும் என்பதே இந்தக் கார்டின் பெருமை. நம் வீட்டுக்கு டிக்கெட்டில் 2,000 மைலும் மற்றதில் 2,160 மைலும் சேரும். மொத்தம் 4,160, புள்ளியாக மாற்றினால் 8,320. ஒரு புள்ளிக்கு 50 காசு மதிப்பு வைத்தால் 4,160 ரூபாய். கட்டணம் போக 1,740 ரூபாய் நட்டம். முதல் ஆண்டில் வரவேற்புப் பரிசாக 2,500 மைல் வருவதால் அந்த ஆண்டு மட்டும் இனிக்கும். இரண்டாம் ஆண்டில் நம்மைப் போன்ற சிறு செலவாளருக்கு அந்த இனிப்பு இல்லை.

எஸ்பிஐ கேஷ்பேக்: கட்டணம் 999, ஜிஎஸ்டியோடு 1,179. ஆண்டுச் செலவு 2 லட்சம் தாண்டினால் அதுவும் இல்லை. 2022-இல் வந்த கார்டு. எந்தத் தளம் என்று பார்க்காமல் ஆன்லைன் வாங்குதலுக்கு 5 சதவீதம், கடையில் 1 சதவீதம். விமான டிக்கெட்டும் ஆன்லைன் வாங்குதல்தானே. ஆன்லைன் 60,000, டிக்கெட் 40,000, ஆக ஒரு லட்சத்துக்கு 5,000 ரூபாய். மிச்சம் 48,000-க்கு 480. மொத்தம் 5,480. கட்டணம் போக 4,301 ரூபாய் கையில்.

அமேசான் பே ஐசிஐசிஐ: கட்டணமே இல்லை. ஆன்லைன் செலவில் பாதி அமேசானில் என்று வைத்து, பிரைம் சந்தா இல்லாதவருக்கான 3 சதவீதம் போட்டால் 900. மற்றதற்கு 1 சதவீதம் 1,180. ஆக 2,080 ரூபாய்.

'பயணக் கார்டு' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த இரண்டும் கட்டணத்தைத் தாண்டவே திணறுகின்றன. பயணம் என்ற சொல்லையே உச்சரிக்காத இரண்டும் முந்திவிட்டன. மூட்டையைக் கொட்டியபின் தெரியும் உண்மை இது.

இன்னொரு சிறு கணக்கும் இங்கே தேவை. கேஷ்பேக் கார்டின் கட்டணம் 1,179. கட்டணமில்லாக் கார்டைவிட அது ஆன்லைனில் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. ஆக, டிக்கெட்டும் சேர்த்து உங்கள் ஆன்லைன் செலவு ஆண்டுக்குச் சுமார் 30,000 ரூபாயைத் தாண்டினால்தான் கட்டணம் கொடுத்து வாங்குவதில் பொருள் உண்டு. தாண்டாதவருக்குக் கட்டணமில்லாக் கார்டே போதும்.

மூன்றாம் உரைகல்: புள்ளி எத்தனை நாள் நிற்கும்?

எஸ்பிஐ கேஷ்பேக் பில்லில் கழிந்துவிடும்; அமேசான் பே கார்டில் வருவது அமேசான் பே இருப்பில் சேர்ந்துவிடும். அதோடு அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. புள்ளி அப்படியில்லை. என்றோ ஒருநாள் தருவேன் என்ற வாக்கு அது. வாக்கின் அளவை மாற்றும் பேனாவோ வாக்குக் கொடுத்தவர் கையில்.

விமான நிறுவனங்களையே பாருங்கள். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-இல் இறங்கியது மறுபடி ஏறவில்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு கலந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் நான்கு பெயர்கள் வானத்திலிருந்து மறைந்துவிட்டன. எல்லா நிகழ்விலும் புள்ளி செத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெட்டின் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் பிழைத்தது. விஸ்தாரா புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் ஜெட் புள்ளி சேர்த்தவர் ஜெட் விமானத்தில் ஏறத்தான் சேர்த்தார். விமானம் போன பிறகு புள்ளியை வைத்து என்ன செய்வார்? ஆக்சிஸ், எஸ்பிஐ, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் மூன்றும் விஸ்தாரா பெயரில் கார்டு விற்றன. இவ்வளவு செலவழித்தால் ஒரு டிக்கெட் என்பதே அவற்றின் கவர்ச்சி. அந்தப் பெயரே போன பிறகு கார்டுகளும் கடையைக் கட்டின.

நிறுவனம் உயிரோடு இருந்தாலும் அளவு சுருங்கும். ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 புள்ளி என்று ஒரு சலுகை இருந்தது. அதற்காகவே ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டணம் கொடுத்துப் பலர் வாங்கினார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. விமான நிறுவனத்துக்கு மாற்றும் விகிதம் ஐந்துக்கு நான்கிலிருந்து ஐந்துக்கு இரண்டாகப் பாதியானது. கட்டணமோ 10,000-இலிருந்து 12,500 ஆக ஏறியது. எஸ்பிஐயின் ஏர் இந்தியா பிளாட்டினம் கார்டில் ஏர் இந்தியா டிக்கெட்டுக்கு நூற்றுக்கு 15 புள்ளி கிடைத்துவந்தது. 2025 மார்ச் 31 முதல் 5 ஆனது. சிக்னேச்சர் கார்டில் 30 என்பது 10 ஆனது.

இதில் சட்ட மீறல் இல்லை. கட்டணத்தை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆணை. முன்னறிவிப்போடு வங்கி எதையும் சுருக்கலாம். ஆகவே மூன்று ஆண்டு புள்ளி சேர்த்துக் காசிக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று திட்டம் போடுபவர், மூன்று ஆண்டு கழித்து விற்கலாம் என்று எலுமிச்சையைக் குவித்து வைப்பவரைப் போன்றவர். சரக்கு அழுகும் சரக்கு.

நான்காம் உரைகல்: நம் விமான நிலையத்துக்கு ஒத்து வருமா?

விமான நிறுவனக் கார்டு எடுப்பவர் ஒரு நிறுவனத்தோடு தாலி கட்டிக்கொள்கிறார். இந்திய உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை இண்டிகோ ஏற்றிச் செல்கிறது. தூத்துக்குடியிலும் பல ஆண்டுகளாக அதுவே பிரதானம். இந்த நிலையில் ஏர் இந்தியா புள்ளியைச் சேர்த்து வைத்தால், அதைச் செலவழிக்க மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டிவரும். சரி, இண்டிகோ கார்டு எடுப்போம் என்றால், தீபாவளி நேரத்தில் மதுரையிலிருந்து வேறு விமானம் ஆயிரம் ரூபாய் மலிவாக இருக்கும்போது, புள்ளிக்காக விலை கூடிய விமானத்தில் ஏறும் மனநிலை வந்துவிடும். ஒரு டிக்கெட்டில் விட்ட ஆயிரத்தைப் புள்ளியில் பிடிக்க ஓர் ஆண்டு ஆகும். நாலு டிக்கெட் என்றால் சொல்லவே வேண்டாம்.

அடுத்து லவுஞ்ச். கார்டு விளம்பரத்தில் பாதி இடத்தை இதுதான் பிடித்துக்கொள்கிறது. புளியங்குடியிலிருந்து விமான நிலையம் போகக் கார் வைத்தால் ஒரு வழிக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாது. நாம் போட்ட கணக்கில் இரண்டு பயணக் கார்டுகளும் ஓர் ஆண்டில் தரும் நிகர லாபம் அந்தக் கார் வாடகைக்கே காணாது. இரண்டரை மணி நேரம் சாலையில் வந்து, பாதுகாப்புச் சோதனை முடித்து, விமானம் ஏறும் அவசரத்தில் இட்லி சாப்பிட ஒரு லவுஞ்ச் இருந்தால் நல்லதுதான். ஆனால் அதுவும் இனாம் அல்ல. ஐசிஐசிஐ தன் பல கார்டுகளில் 2024 ஏப்ரல் முதல், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்றது. அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. எச்டிஎஃப்சி தன் ரெகாலியா கார்டுக்கு (கோல்டு அல்ல) 2023 டிசம்பர் முதல் காலாண்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்தது. டிக்கெட் நீங்கலாக நம் வீட்டின் காலாண்டுக் கார்டுச் செலவு 27,000. ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவருக்கு லவுஞ்சின் மதிப்பு நான்கு பேருக்குச் சாப்பாட்டுக் காசு, அதுவும் வாசலில் விட்டால்.

எதிர்க்கட்சியின் வாதம்

பயணக் கார்டை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். அவர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள். "புள்ளிக்கு 50 காசு என்று ஏன் வைக்கிறீர்கள்? சரியாகச் செலவழித்தால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்கூட எடுக்கலாம்" என்பது அவர்கள் வாதம்.

சரி, அவர்கள் களத்திலேயே போட்டுப் பார்ப்போம். ஊருக்கும் பெங்களூருக்குமாக அடிக்கடி பறக்கும் ஒரு மென்பொருள் ஊழியர். கார்டுச் செலவு ஆண்டுக்கு 6 லட்சம். அதில் விமான டிக்கெட் ஒன்றரை லட்சம், மற்ற ஆன்லைன் இரண்டரை லட்சம், கடைகளில் 2 லட்சம். அட்லஸ் கார்டில் டிக்கெட்டுக்கு 7,500 மைல், மற்றதற்கு 9,000, மூன்று லட்சம் தாண்டியதற்குப் பரிசு 2,500. மொத்தம் 19,000 மைல், அதாவது 38,000 புள்ளி. கேஷ்பேக் கார்டில் ஆன்லைன் 4 லட்சத்துக்கு 20,000, கடைக்கு 2,000, கட்டணம் தள்ளுபடி. ஆக 22,000 ரூபாய். அட்லஸின் கட்டணத்தையும் ஈடுகட்டி இந்த 22,000-ஐத் தொட, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஏறக்குறைய 73 காசு எடுத்தாக வேண்டும். நம் 1,48,000 ரூபாய் வீட்டுக்கு அதே சமநிலை வர, ஒரு புள்ளி 1 ரூபாய் 23 காசு பெற வேண்டும்.

உள்நாட்டு எகானமி வகுப்பில் அது எளிதல்ல. சென்னைக்குப் பணம் கொடுத்தே ஐயாயிரத்துக்குப் போகலாம் என்னும்போது புள்ளி அதிகம் சாதித்துவிட முடியாது. புள்ளியில் எடுத்த டிக்கெட்டுக்கும் வரியும் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும். பண்டிகை நாளில் புள்ளி இருக்கை கிடைப்பதும் சந்தேகம். புள்ளி தன் முழு வீரியத்தைக் காட்டும் களம் வெளிநாட்டு பிசினஸ் கிளாஸ். லட்சங்களில் விலை போகும் இருக்கையைப் புள்ளியில் பிடிக்கும்போது ஒரு புள்ளி ஒரு ரூபாயைத் தாண்டும். ஆகவே ஆதரவாளர் சொல்வது பொய்யல்ல. அவர் பேசுவது வேறு பயணத்தைப் பற்றி. அவருடைய வெற்றிக் கதையைக் கேட்டுவிட்டு வாகைக்குளத்திலிருந்து சென்னை போகக் கார்டு எடுப்பதுதான் பிழை.

இன்னொரு வாதமும் உண்டு: ரூபே கிரெடிட் கார்டு எடுத்தால் கியூஆர் செலவும் உள்ளே வருமே? வரும். டாடா நியூ இன்ஃபினிட்டி எச்டிஎஃப்சி ரூபே கார்டு, தன் செயலி வழியாகப் பணம் செலுத்தினால் யுபிஐக்கு ஒன்றரை சதவீதமும், பிற செயலிகளில் அரை சதவீதமும் என்று 2024 ஆகஸ்ட்டில் வகுத்தது. நம் மளிகைச் செலவில் பாதி வணிக கியூஆரில் போகிறது என்றால் ஆண்டுக்கு 72,000. கிடைப்பது 360 முதல் 1,080 ரூபாய் வரை. கட்டணம் தள்ளுபடியாகும் ரூபே கார்டோ கட்டணமே இல்லாததோ கிடைத்தால் இது நல்ல துணைக் கார்டு. கட்டணம் கொடுத்து வாங்கினால் வந்தது கட்டணத்துக்கே போய்விடும்.

எல்லாவற்றையும் அழிக்கும் ஒரு வரி

இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பில்லை மாதம் தவறாமல் முழுதாகக் கட்டுவது. இந்த ஊரில் அந்த நிபந்தனையை லேசாக எண்ணக் கூடாது. சம்பளக்காரர் வீட்டுக்கு ஒன்றாம் தேதி பணம் வரும். எலுமிச்சைக்காரர் வீட்டுக்கு அப்படி வராது. கோடையில் விலை உச்சத்துக்குப் போகும். மழைக்காலத்தில் பறிப்புக்கூலிக்கே கட்டாது. வரவு பருவம் பார்த்து வருகிறது; பில் தேதி பார்த்து வருகிறது.

50,000 ரூபாய் பாக்கி ஒரு மாதம் நின்றது என்று வையுங்கள். மாதம் 3.75 சதவீத வட்டி என்றால் 1,875. அதன்மேல் ஜிஎஸ்டி 337. ஒரே மாதத்தில் 2,212 ரூபாய். முதலிடம் பிடித்த கார்டு ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்துத் தந்த 4,301 ரூபாய் இரண்டே மாதத்தில் கரைந்துவிடும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். 'குறைந்தபட்சத் தொகை' கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், வட்டி தப்பாது. கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-இல் ரத்து செய்துவிட்டது. 3.75 சதவீதம் என்பது ஆண்டுக்கு 45 சதவீதம், ஜிஎஸ்டியோடு 53. கந்துவட்டி என்று நாம் திட்டும் வட்டிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஒரு ஆறுதல்: பில் தேதியை ஒருமுறையாவது வாடிக்கையாளர் வசதிக்கு மாற்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் சொல்லியிருக்கிறது. வரவு வரும் நாளுக்கு ஏற்ப அதை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. கார்டு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், பாக்கியில்லாத கணக்கை ஏழு வேலை நாளில் மூடாத வங்கி, நாளுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யக் கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை.

தீர்ப்பு

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பறக்கும் புளியங்குடி வீட்டுக்கு முதலிடம் கேஷ்பேக் கார்டு. டிக்கெட்டோடு சேர்த்து ஆன்லைன் செலவு 30,000-ஐத் தாண்டினால் எஸ்பிஐ கேஷ்பேக் போன்றது. தாண்டாவிட்டால் அமேசான் பே போன்ற கட்டணமில்லாதது. திரும்பி வரும் பணத்தை வைத்து, அன்றைக்கு எந்த விமானம் மலிவோ அதில் டிக்கெட் வாங்கலாம். தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் என மூன்று விமான நிலையங்களுக்கு நடுவில் இருக்கும் ஊருக்கு அந்தச் சுதந்திரத்தைவிடப் பெரிய சலுகை கிடையாது.

இரண்டாம் இடம் வங்கியின் புள்ளிக் கார்டுக்கு. அது ஆண்டுக்கு 6 லட்சமாவது கார்டில் செலவழிப்பவருக்கு, வெளிநாட்டுப் பயணமும் எண்ணத்தில் இருப்பவருக்கு மட்டும். எடுத்தாலும் புள்ளியை ஓராண்டுக்குமேல் தூங்கவிடக் கூடாது.

கடைசி இடம் விமான நிறுவனத்தின் பெயர் தாங்கிய கார்டுக்கு. நம் ஊருக்கு அருகில் இறங்கும் விமானத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. அது நாளை பாதையை மாற்றினால், கையில் இருக்கும் புள்ளிக்கு வாகைக்குளத்தில் மதிப்பில்லை.

பொதிகை எக்ஸ்பிரஸில் மாலை ஏறிக் காலையில் சென்னையில் இறங்குபவருக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. ஐஆர்சிடிசி பெயரில் எஸ்பிஐ தரும் கார்டு ஏசி டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம் வரை புள்ளியாகத் திருப்பித் தருகிறது. நான் இங்கே எடைபோட்ட எந்த விமானக் கார்டும் உள்நாட்டு டிக்கெட்டுக்கு அந்த அளவைத் தொடவில்லை.

ஒரு மாதமாவது பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் போகும் என்று மனத்தின் ஓரத்தில் சந்தேகம் உள்ளவருக்கு எந்தக் கார்டும் வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுச் செலவு நோட்டை எடுத்து, கடந்த மூன்று மாதத்தில் ஸ்வைப் மெஷினிலும் ஆன்லைனிலும் போன தொகையை மட்டும் கூட்டி, நான்கால் பெருக்குங்கள். கார்டு விற்பவர் முன்னால் அந்த எண்ணைச் சொல்லி, "அண்ணாச்சி, கட்டணம் போக இதுக்கு எனக்கு ரூபாயில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். புள்ளியில் பதில் சொன்னால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.